மேலே நின்று பார்த்த வேலி

என் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் வீடு கட்டி விற்கும் யாருக்கும் என்னைத் தெரியாது. ‘பாட்டில் மேடம்’ என்று சொன்னால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு காலிக் கண்ணாடி பாட்டிலோடு நான் போய் இறங்குவேன். மண் வெட்டிப் போட்ட மனையிலிருந்து தெருவுக்கு ஓடிவரும் தண்ணீரை அதில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தால் அவர்கள் பிழைத்தார்கள். தெரியாவிட்டால் அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்லிக் கையில் காகிதத்தைக் கொடுத்துவிடுவேன்.

நகராட்சியில் நில மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. யாராவது குன்றையோ தோப்பையோ வெட்டிச் சமப்படுத்தி வீடு கட்டப் புறப்பட்டால், மழைத் தண்ணீர் எங்கே போகும், மண் எங்கே போகும் என்று முதலிலேயே கேட்பதுதான் எங்கள் வேலை. ‘எங்கேயோ போகும்’ என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதில். அந்த ‘எங்கேயோ’வில் யாரோ ஒருத்தர் குடியிருக்கிறார் என்பதை அவர்கள் மண்டையில் ஏற்றத்தான் எனக்குச் சம்பளம். பதினொரு வருஷமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். சத்தம் போடுவேன். என் எதிரே நாற்காலியில் உட்காரவே யோசிப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

அது எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன். யாரும் கேட்கவில்லைதான். கேட்காவிட்டாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஊருக்கு மேற்கே ஒரு சரிவு. அதில் நாற்பது வீடு கட்ட ஒரு கம்பெனி அனுமதி வாங்கியிருந்தது. சரிவின் காலடியில் ஒரு சின்னத் தெரு, ஏழே வீடு. மண்ணில் கை வைப்பதற்கு முன்னால் சரிவின் கீழ் விளிம்பு நெடுக மண் தடுப்பு வேலி போட வேண்டும் என்பது விதி. பெயர்தான் பெரிது. கறுப்புத் துணியை மரக்குச்சிகளில் அடித்து இடுப்புயரத்துக்கு நிறுத்துவது, அவ்வளவுதான். தண்ணீர் துணி வழியாகக் கசிந்து போய்விடும், மண் இந்தப் பக்கமே தங்கிவிடும். ஆனால் துணியின் அடி அரையடி ஆழத்துக்குப் பள்ளத்தில் புதைந்திருக்க வேண்டும். புதையாவிட்டால் தண்ணீர் அடியில் புகுந்து மண்ணையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். அப்புறம் அந்த வேலியும் கொடியில் காயப்போட்ட துணியும் ஒன்றுதான்.

எங்கள் ஆய்வுப் படிவத்தில் ஒன்பது கேள்விகள். ஆறாவது கேள்வி நான் எழுதியது. ‘துணியின் அடி புதைக்கப்பட்டுள்ளதா? கையால் இழுத்துப் பார்க்கவும்.’ அந்தக் கடைசி மூன்று வார்த்தைக்காகப் பிரிவுத் தலைவரோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். மேலே நின்று பார்த்தால் எல்லா வேலியும் நன்றாகத்தான் தெரியும், இறங்கிப் போய்க் கை வைத்தால்தான் அதன் யோக்கியதை தெரியும் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டியவள் நான்.

அந்தச் சரிவில் நான் இறங்கவில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள் முதல் நாள்தான் எனக்கு ஒரு ஜோடி வெள்ளை ஷூ வாங்கி அனுப்பியிருந்தாள். ‘எப்பப் பாத்தாலும் அந்த ரப்பர் பூட்ஸ்லயே திரியாதம்மா’ என்று உள்ளே ஒரு சீட்டும் வைத்திருந்தாள். காலையில் அதைப் போட்டுக்கொண்டு அலுவலகத்தில் வேலை இருந்த மேசைக்கும் போனேன், இல்லாத மேசைக்கும் போனேன். மதியத்துக்கு மேல் அப்படியே சரிவுக்குப் போய்விட்டேன். முந்தின நாள் தூறலில் மண் சொதசொதவென்று கிடந்தது. ரப்பர் பூட்ஸ் வண்டியில்தான் இருந்தது. மாற்ற இரண்டு நிமிஷம் ஆகும்.

“ஷூ புதுசா மேடம்? நல்லா இருக்கே” என்றார் கம்பெனியின் சைட் எஞ்சினியர். முப்பது வயதிருக்கும், பணிவாகப் பேசுகிற ஆள். அந்த ஒரு வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன். அவர் முன்னால் குனிந்து கயிற்றை அவிழ்த்து, அந்த அழுக்கு பூட்ஸை மாட்டிக்கொள்ள மனசு வரவில்லை. சைட் ஆபீஸ் வாசலில் நின்றபடியே கீழே பார்த்தேன். குச்சிக்குக் குச்சி சரியான இடைவெளியில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல வேலி நின்றது.

“அடியெல்லாம் புதைச்சாச்சா?”

“அதெல்லாம் பக்கா மேடம்.”

ஒன்பது கேள்விக்கும் சரி போட்டேன். ஆறாவதுக்கும்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் விதிப்படி அதை ஆபீஸ் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டினார். ஷூவில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் மண் வெட்டும் வண்டி வந்தது. அதை ஓட்டுகிறவரை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். சரிவில் வண்டி ஓட்ட நகராட்சிப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் முதலில் ஏறிய பெயர்களில் அவருடையது ஒன்று. மற்றவர்கள் ஒரு நாளில் முடிப்பதை அவர் ஒன்றரை நாளில் முடிப்பார். முதலாளிகள் பல்லைக் கடிப்பார்கள். ஆனால் அவர் வெட்டிய விளிம்பு சரிந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. என்னைவிட மூத்தவராகக்கூட இருப்பார், இருந்தும் அக்கா என்பார். ஒரு தடவை ஏன் என்று கேட்டதற்கு, “என்னைத் திட்டுறவங்க எல்லாருமே எனக்கு அக்காதான்” என்றார். நானே சிரித்துவிட்டேன்.

வேலி போட்டுப் பன்னிரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், மழை கொட்டித் தீர்த்தது. ஏழு மணிக்கே எனக்குத் தொலைபேசி வந்தது. ரப்பர் பூட்ஸோடு ஓடினேன். அன்றைக்கு மட்டும் மறக்கவில்லை.

கீழ்த் தெருவின் கடைசி வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. முன்னறை முழுக்கத் தையல் மெஷின்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சட்டை தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டு, வெள்ளைத் துணியைக் கட்டுக்கட்டாகச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்திருக்கிறார். சரிவின் மண் அவர் வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டு வந்ததுபோல நேரே உள்ளே போயிருந்தது. முழங்கால் உயரச் சேறு. மெஷின்களின் மிதிகட்டையைக் காணோம். அடுக்கி வைத்ததில் மேல் கட்டு மட்டும் பாதி வெள்ளை, பாதி செம்மண்ணாக வெளியே தெரிந்தது. தையல்காரம்மா அழவில்லை. ஒரு துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, “இதை வெளுக்க முடியுமா?” என்று என்னைக் கேட்டார். எனக்கென்னவோ எல்லாம் தெரியும் என்பதுபோல.

அங்கிருந்து வேலிக்கு ஏறினேன். குச்சிகள் அப்படியே நின்றன. துணியின் அடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து பிடித்துப் பார்த்தேன். இந்தத் துணி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே புதைக்க வேண்டிய அரையடியை மேலே மடித்துக் கம்பிப் பின் அடித்துத்தான் வரும். பள்ளத்தில் இறக்கும்போது பின்னைப் பிடுங்கி மடிப்பைப் பிரிக்க வேண்டும். என் கையிலிருந்த துணியில் மடிப்பு பிரியவே இல்லை. பின்கள் வரிசையாக, அடித்தது அடித்தபடி இருந்தன. இந்த வேலி ஒரு நாளும் மண்ணுக்குள் போனதில்லை.

எஞ்சினியர் பின்னால் வந்து நின்றார். அவரும் பின்களைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார்.

“வண்டி பின்னாடி வரும்போது ஏறி இழுத்திருக்கும் மேடம். பாருங்க, பக்கத்துலயே தடம் இருக்கு” என்றார். பிறகு மெதுவாக, “நீங்க பாத்தப்ப புதைச்சுத்தானே இருந்துச்சு?”

மரியாதையாகத்தான் கேட்டார். மிரட்டல் என்று நான் யாரிடமும் புகார் சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தால் அவர் மட்டும் மாட்டமாட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

“ம்” என்றேன்.

ஊரையே அதட்டிய வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அதைவிடக் கேவலம் அடுத்து நடந்தது. வேலி கெட்டுப்போனால் ஒரே நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதும் விதி. “இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள புதைக்கணும், ஆமா!” என்று விரலை ஆட்டி அதட்டினேன். ஆட்கள் பின்களைப் பிடுங்கி, மடிப்பைப் பிரித்து, பாறையை உடைத்துப் பள்ளம் எடுத்துத் துணியை உள்ளே இறக்கினார்கள். இருந்த ஒரே சாட்சியும் என் உத்தரவின் பேரிலேயே மண்ணுக்குள் போயிற்று.

கம்பெனி அன்றைக்கே நிதானத்தை வேலையிலிருந்து நிறுத்தியது. பிரிவுத் தலைவர் அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை என்று நாள் குறித்தார். தப்பு அவருடையது என்று முடிவானால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அந்த வயதில் நீக்கப்பட்ட பெயரை வேறு எந்த ஊரிலும் சேர்க்கமாட்டார்கள். அவருக்கு வேறு வேலையும் தெரியாது. அவருக்கு எதிராக இருந்தது ஆறாவது கேள்விக்கு நான் போட்ட சரி. மேடம் இழுத்துப் பார்த்தபோது புதைந்திருந்தது, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனது இவர் வண்டிதான். வேறு யாராவது போட்ட சரியாக இருந்தால் ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். பாட்டில் மேடம் போட்டதை யார் சந்தேகப்படுவார்கள்?

வெள்ளிக்கிழமை சேத விவரம் எழுதத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். உள்ளே, கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிவிட்டுக்கொண்டு, நிதானம் சேற்றை வாளியில் வாரிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக வருகிறாராம். யாரும் கூப்பிடவில்லையாம்.

“முதல் நாள் வாசல்லயே நிறுத்திக் கிழிகிழின்னு கிழிச்சேன்” என்றார் தையல்காரம்மா என்னிடம். “ஒரு வார்த்த எதிர்த்துப் பேசணுமே! தலையக் குனிஞ்சிட்டு வாளி எங்க இருக்குன்னு தேடுறாரு. அதுக்கு மேல மனுஷனை என்னத்தத் திட்டறது?”

என்னைப் பார்த்ததும் நிதானம் நிமிர்ந்தார். கையைத் துடைத்துக்கொள்ள உடம்பில் சுத்தமான இடம் இல்லை. அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

“நானாத்தான் இருக்கும்க்கா” என்றார்.

“என்னது?”

“எனக்கு ஞாபகமே இல்ல. அந்த ஓரத்துல அஞ்சு தடவ பின்னாடி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் தலையத் திருப்பிப் பாத்துத்தான் எடுத்தேன். பட்ட மாதிரி தெரியல. ஆனா பலகைல உங்க காகிதம் தொங்குதே. நீங்க கையால இழுத்துப் பாத்திருக்கீங்க. புதைச்சிருந்த துணி வெளிய கிடக்குதுன்னா நடுவுல போனது நான் ஒருத்தன்தானே? வயசாவுதுல்ல, கண்ணு ஏமாத்தியிருக்கும்.”

நுனி நாக்குவரை வந்துவிட்டது. தையல்காரம்மா பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வது என்று முழுங்கினேன். அவர் எனக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். இப்போது சொன்னால் இந்த மனுஷன் வாளியோடு என் தலையில் கவிழ்த்துவிட்டால் என்று அப்போதும் முழுங்கினேன். சொல்லாமல் இருப்பதற்குக் காரணமா கிடைக்காது?

“திட்டிடுங்கக்கா” என்றார் அவர். “எல்லாரும் திட்டிட்டாங்க. நீங்க ஒருத்தர் திட்டாம நிக்கிறதுதான் என்னமோ மாதிரி இருக்கு.”

“விடுங்க” என்றேன். “நடந்தது நடந்துபோச்சு. இதெல்லாம் யாருக்கும் நடக்கறதுதான்.”

மன்னிப்பு வழங்குகிற தோரணையில்தான் அது வெளியே வந்தது. சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் காது மடல் சுட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பெரிய மனசுக்கா உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வாரத் தொடங்கினார். தையல்காரம்மா தண்ணீரும் நாற்காலியும் கொண்டுவந்தார். உங்களை மாதிரி ஒருத்தர் இறங்கிப் பார்ப்பதால்தான் இந்த மட்டோடு போயிற்று என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாழான துணிக் கட்டுகளை ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதிய ஒரு வரியையும் இரண்டாம் தரம் என்னால் படிக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து என் முகத்தையும் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டே, “நாலு நாளா நீ யாரையும் திட்டவே இல்லையே, உடம்பு சரியில்லையா?” என்றார்.

சொல்லிவிட்டேன். ஷூவிலிருந்து ‘ம்’ வரைக்கும் எல்லாவற்றையும். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் மருந்த மாத்திக் கொடுத்துட்டு, சாப்பிட்டவன் மேல பழி போட்டா நீ என்னை வீட்டுக்குள்ள விடுவியா?” என்றார்.

“உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு படிவம் பொய்யின்னா அப்புறம் பதினொரு வருஷத்துல நான் போட்ட எல்லாத்தையும் தூக்கி எறிவாங்க. ரோட்டுல போறவன்லாம் கேப்பான்!” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த சட்டையை விரித்தார். அவர் சொன்னது சரியாக இல்லாவிட்டால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

வியாழக்கிழமை வந்தது. விசாரணை என்றால் பெரிய சபையெல்லாம் இல்லை. எங்கள் மாடியில் ஒரு நீள மேசை, ஆறு நாற்காலி, கிறீச்சிடும் மின்விசிறி. பிரிவுத் தலைவர் தலைமாட்டில். ஒரு பக்கம் எஞ்சினியரும் நானும். எதிரே நிதானமும் தையல்காரம்மாவும். எஞ்சினியர் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். யார் பார்த்தாலும் ஒரே கட்சி என்றுதான் நினைப்பார்கள். உண்மையும் அதுதானே?

நிதானம் ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தார். தன் கையெழுத்து நன்றாக இருக்காது என்று மகளிடம் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார். எழுந்து நின்று, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார். தன் கவனக்குறைவால் வேலி பிடுங்கப்பட்டது, தையல்காரம்மாவுக்கு நேர்ந்ததற்குத் தானே பொறுப்பு, என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். கடைசியில் ஒரு வரி இருந்தது. ‘ஆய்வாளர் மேடம் தன் கடமையைச் சரியாகச் செய்தார், அவர் மேல் யாரும் குறை சொல்லக் கூடாது.’

அப்படி எழுத யாரும் அவரைக் கேட்கவில்லை.

“மேடம், படிவத்துல இருக்கிறத உறுதி பண்றீங்களா? ஆமான்னு சொன்னா போதும், முடிச்சிடலாம்” என்றார் பிரிவுத் தலைவர்.

உண்மையைச் சொல்வது என்று முடிவுசெய்துகொண்டுதான் போனேன் என்று எழுதினால் எனக்கு அழகாக இருக்கும். அப்படி ஒரு முடிவும் செய்யவில்லை. அந்தக் கடைசி வரியைக் கேட்காமல் இருந்திருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

“இல்ல சார்” என்றேன். “நான் இறங்கிப் பாக்கல. மேல நின்னு பாத்துட்டு சரி போட்டுட்டேன்.”

பிரிவுத் தலைவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கோப்பைப் பார்த்தார். பாவம், நல்ல மனுஷர். எனக்கு ஒரு கை கொடுக்கத்தான் பார்த்தார்.

“உங்களுக்கு முட்டி வலி இருக்குல்ல? அந்தச் சரிவுல இறங்கறதுன்னா... மனுஷங்கதானே.”

எனக்கு முட்டி வலி கிடையாது. படியேறுவதில் என்னை ஜெயிக்க அந்த அலுவலகத்தில் ஆளில்லை, அது அவருக்கும் தெரியும். ஆனால் முட்டி வலி மரியாதையான காரணம். கேட்டால் நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள்.

“ஆமா சார்” என்றேன். ஒப்புக்கொள்ள வந்த இடத்திலும் எனக்கு ஒரு பொய் தேவைப்பட்டது.

எஞ்சினியருக்குத் தைரியம் வந்துவிட்டது. “மேடம் இரக்கப்பட்டு சொல்றாங்க சார். இவரு நிலைமையப் பாத்து மனசு கேக்கல. அவங்க பாத்தாங்க, நான் கூடத்தான இருந்தேன்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நிதானமும் சேர்ந்து தலையாட்டினார், என்னை நன்றியோடு பார்த்துக்கொண்டே. அதைப் பார்த்ததும் வீட்டுக்கு வெளியே பத்து நாளாகக் காணாமல் போயிருந்த என் கோபம் மொத்தமாகத் திரும்பி வந்தது.

“பின்னையே பிடுங்கலைய்யா அதுல!” என்று எஞ்சினியர் பக்கம் திரும்பிக் கத்தினேன். “மடிச்சு வந்தது மடிச்சபடி இருந்துச்சு. நீயும் பாத்த, நானும் பாத்தேன். ரெண்டு பேரும் வாய மூடிட்டு நின்னோம். புதைச்சிருந்தா பின்னு எப்படிய்யா இன்னும் அதுலயே இருக்கும்?” பிறகு பிரிவுத் தலைவரிடம் திரும்பினேன். “முட்டி வலியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல சார். புது ஷூ போட்டிருந்தேன். அழுக்காயிடும்னு இறங்கல.”

தையல்காரம்மா பக்கென்று சிரித்துவிட்டார்.

“ஷூவா?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

“என்ன கலரு?”

“வெள்ளை.”

அவருடைய சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் பாறை தட்டியதால் பள்ளம் எடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதை எஞ்சினியர் ஒப்புக்கொண்டார். கம்பெனிக்கு வேலை நிறுத்தக் காகிதம் போனது, தையல்காரம்மாவுக்கு ஆன சேதம் அவர்கள் தலையில் விழுந்தது. நிதானத்தின் பெயர் பட்டியலிலேயே இருக்கும் என்று பிரிவுத் தலைவர் எழுதினார். என்னைக் களத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷமாக நான் கையெழுத்துப் போட்ட மனைகள் எல்லாவற்றையும் சக ஊழியர்கள் இரண்டு பேர் மறுபடி இறங்கிப் பார்க்க வேண்டும். அவர்கள் என்னோடு பேசுவதில்லை. நானாக இருந்தாலும் பேசமாட்டேன்.

அறையை விட்டு வெளியே வந்தபோது நிதானம் மாடிப்படி ஓரத்தில் நின்று கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை நாறத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

“மன்னிச்சிடுங்க” என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “எப்பத் தெரியும் உங்களுக்கு?” என்றார்.

நேற்று ராத்திரிதான் உறைத்தது என்று ஒரு பொய் தயாராக வந்து நின்றது. எத்தனை வேகமாக வருகிறது பாருங்கள்.

“மழை பெஞ்ச அன்னிக்குக் காலைலயே.”

“காலைலயேவா?”

“ம்.”

“அப்ப வெள்ளிக்கிழமை நான் அங்க சேறு வாரிட்டிருந்தப்ப...”

“தெரியும்.”

மெதுவாகத் தலையாட்டினார். குரலை உயர்த்தவில்லை.

“அன்னிக்கு வீட்ல போய்ச் சொன்னேன். இவ்வளவு பெரிய தப்பு பண்ணியும் அந்தக்கா ஒரு வார்த்த திட்டலன்னு. அதைக் கேட்டுட்டுத்தான் என் பொண்ணு இந்தக் கடைசி வரிய எழுதினா. நான் சொல்லல. அவளாச் சேத்தா.” கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். “இந்தப் பத்து நாளா அவகிட்டயும் அவ அம்மாகிட்டயும் நான்தான் செஞ்சேன், நான்தான் செஞ்சேன்னு சொல்லியிருக்கேன். என் கண்ணு சரியில்லன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. இப்ப போய் நான் அவகிட்ட என்னன்னு சொல்றது?”

ஒரு படி இறங்கிவிட்டுத் திரும்பினார்.

“நீங்களே வந்து சொல்லுங்க” என்றார். “என்னால முடியாது.”

என் வண்டியில்தான் போனோம். வழியில் இரண்டு தடவை ‘இடது பக்கம்’ என்றார், ஒரு தடவை ‘இங்கதான்’ என்றார். வேறு பேச்சில்லை. இரண்டாம் மாடி. அவர் கதவைத் தட்டினார். கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண் திறந்தாள். அப்பாவின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். அவர் “பேரு போகல” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளைத் தாண்டி உள்ளே போய் ஜன்னலோரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம்தான் என்னைக் கவனித்தாள். முகமெல்லாம் சிரிப்பானது.

“நீங்க அந்த மேடம்தானே? நீங்கதான் காப்பாத்திட்டீங்களா?” என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நாற்காலியில் கிடந்த புத்தகங்களை அள்ளித் தரையில் போட்டாள். தன் துப்பட்டாவாலேயே அதைத் துடைத்தாள். “உக்காருங்க மேடம். அப்பா உங்களப் பத்தி அவ்வளவு சொல்லியிருக்காரு.”

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஆரம்பித்தேன்.